படிக்க வழியில்லாதவர்களுக்காக ஏரிக்கரையில் பிறந்த ஊர்! ருஷ்டி கத்திக்குத்து நடந்த 'ஷடாக்வா'வின் கதை

எழுத்தாளர் சல்மான் ருஷ்டி மேடையிலேயே கத்தியால் குத்தப்பட்ட சம்பவம் 2022-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி உலகத்தையே உலுக்கியது. டி.வி.யில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஆனால் அந்த மேடை எந்த ஊரில் இருக்கிறது, காலை நேரத்தில் அவ்வளவு கூட்டம் எதற்காக அங்கே உட்கார்ந்திருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

"அமெரிக்காவுல ஏதோ ஒரு காலேஜ் போலிருக்கு" என்று நினைத்தவர்கள்தான் அதிகம். அது காலேஜ் இல்லை. கோடை வந்தால் களைகட்டும் ஒரு ஏரிக்கரை ஊர். பெயர் ஷடாக்வா. நியூயார்க் மாகாணத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது. நியூயார்க் நகரத்தில் இருந்து 600 கிலோ மீட்டருக்கு மேல் போக வேண்டும்.

காலையில் சொற்பொழிவு, மதியம் ஏரியில் குளியல், மாலையில் பாட்டுக் கச்சேரி, ராத்திரி நாடகம் அல்லது நாட்டியம். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு குடும்பத்தோடு வந்து தங்கி, இதையெல்லாம் அனுபவித்துவிட்டுப் போகிறார்கள். 1874-ம் ஆண்டு தொடங்கிய இந்தப் பழக்கம் 2024-ம் ஆண்டில் 150 வருடத்தைத் தாண்டிவிட்டது.

"லீவுல போய் யாராவது லெக்சர் கேப்பாங்களா?" என்று கேட்கலாம். கேட்கிறார்கள். அதுவும் காசு கொடுத்துக் கேட்கிறார்கள். அது எப்படி நடந்தது என்பதுதான் சுவாரசியம்.

தொடங்கியது 2 பேர்

இந்த ஊரைத் தொடங்கியவர்கள் 2 பேர். ஒருவர் லூயிஸ் மில்லர். ஒகையோ மாகாணம் ஆக்ரான் நகரத்துக்காரர். பயிர் அறுக்கும் எந்திரங்களை வடிவமைத்து, தொழிற்சாலை நடத்திப் பெரிய ஆள் ஆனவர். இன்னொருவர் ஜான் ஹெய்ல் வின்சென்ட். மெத்தடிஸ்ட் சபையின் போதகர். பிறகு பிஷப் ஆனார்.

சர்ச்சுகளில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் சம்பளம் இல்லாத தொண்டர்கள். அவர்களுக்கு முறையான பயிற்சி கிடையாது. 'இவர்களை வெயில் காலத்தில் ஒரு குளிர்ச்சியான இடத்துக்கு வரவழைத்து, 2 வாரம் வைத்துப் பயிற்சி கொடுப்போம்' என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஏரிக்கரையில் மரங்கள் அடர்ந்த ஒரு தோப்பு கிடைத்தது. 1874-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அதுதான் ஆரம்பம்.

மறு வருடமே, 1875-ம் ஆண்டு, அப்போது பதவியில் இருந்த ஜனாதிபதி யுலிசிஸ் கிராண்ட் இங்கே வந்தார். அதோடு ஊரின் பெயர் நாடு முழுவதும் பரவியது. கூடாரம் இருந்த இடத்தில் மர வீடுகள் முளைத்தன. பைபிள் பாடத்தோடு விஞ்ஞானம், சரித்திரம், மொழிகள், சங்கீதம், ஓவியம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன.

தபாலில் வந்த கல்லூரி

ஷடாக்வா செய்த பெரிய காரியம் 1878-ம் ஆண்டு நடந்தது. போதகர் வின்சென்ட் இளம் வயதிலேயே பிரசங்கம் செய்யப் போய்விட்டதால் அவருக்குக் கல்லூரிப் படிப்பு வாய்க்கவில்லை. அந்தக் குறை அவர் மனதில் இருந்துகொண்டே இருந்தது. தன்னைப் போல எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்தார்.

அப்படி வந்ததுதான் 'ஷடாக்வா இலக்கிய, விஞ்ஞான வட்டம்'. திட்டம் மிகவும் எளிது. 4 வருடப் படிப்பு. எந்த வருடம் எந்தப் புத்தகம் படிக்க வேண்டும் என்று பட்டியல் கொடுத்துவிடுவார்கள். விவசாயியோ, கடைச் சிப்பந்தியோ, வீட்டுவேலை பார்க்கும் பெண்ணோ, வேலை முடிந்த பிறகு தினமும் கொஞ்ச நேரம் படித்தால் போதும். படித்ததைப் பற்றிய கேள்வித்தாளை எழுதி தபாலில் அனுப்பலாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு வட்டம். வாரம் ஒரு நாள் கூடிப் பேசிக்கொள்வார்கள்.

முதல் தடவையே 8 ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். பெண்கள்தான் அதிகம். அந்தக் காலத்தில் பெண்களைச் சேர்த்துக்கொண்ட கல்லூரிகள் குறைவு. சேர்த்துக்கொண்டாலும் வீட்டில் அனுப்ப மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு சமையல்கட்டுக்கே கல்லூரி வந்தது போல ஆனது.

1882-ம் ஆண்டு முதல் அணி படிப்பை முடித்தது. முடித்தவர்களுக்கு ஷடாக்வாவில் சான்றிதழ் கொடுக்கும் விழா நடந்தது. பொன் வாசல் என்று ஒரு வாசல் வைத்து, படிப்பை முடித்தவர்களை மட்டும் அதன் வழியாக ஊர்வலமாக நடத்திக்கொண்டு போவார்கள். அந்த வாசலில் நடந்த பலர் அதற்கு முன் எந்தப் பட்டமளிப்பு விழாவையும் பார்த்தது கிடையாது.

அந்த வாசிப்பு வட்டம் இன்றும் நடக்கிறது. விழாவும் வருடா வருடம் நடக்கிறது. அமெரிக்காவில் விடாமல் நடந்து வரும் மிகப் பழமையான வாசிப்பு வட்டங்களில் இதுவும் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.

ஊர் ஊராகக் கிளம்பிய கூடாரங்கள்

ஷடாக்வா என்ற பெயருக்குக் கிடைத்த மவுசைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்களும் அதே மாதிரி தொடங்கினார்கள். கொலராடோ மாகாணம் போல்டர் நகரத்தில் 1898-ம் ஆண்டு தொடங்கிய ஷடாக்வா இன்றும் இருக்கிறது.

1904-ம் ஆண்டு முதல் தனியார் கம்பெனிகளும் களத்தில் இறங்கின. பேச்சாளர், பாடகர், மேஜிக் நிபுணர், நாடகக்காரர்கள் என்று எல்லோரையும் ஒரு குழுவாகச் சேர்த்து, ரெயிலில் ஏற்றி, ஊர் ஊராக அனுப்பினார்கள். போகிற இடத்தில் பெரிய கூடாரம் அடிப்பார்கள். சர்க்கஸ் வந்தது போல சுற்றுவட்டார கிராமங்கள் எல்லாம் திரண்டு வரும். இந்தக் கம்பெனிகளுக்கும் ஏரிக்கரை ஷடாக்வாவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ரேடியோ வந்தது. பேசும் சினிமா வந்தது. ஆளுக்கொரு கார் வாங்கி டவுனுக்குப் போக ஆரம்பித்தார்கள். பிறகு பொருளாதார வீழ்ச்சியும் வந்து சேர்ந்தது. 1930-களின் தொடக்கத்தில் கூடாரங்கள் காணாமல் போயின.

ஏரிக்கரை ஷடாக்வாவும் கடனில் மூழ்கியது. 1933-ம் ஆண்டு அதன் நிர்வாகம் கோர்ட்டு நியமித்த அதிகாரியின் கைக்குப் போனது. ஊரை விரும்பிய மக்கள் நன்கொடை திரட்டினார்கள். 1936-ம் ஆண்டு கடனில் இருந்து மீண்டது. அதே வருடம் ஆகஸ்டு 14-ந் தேதி ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இங்கே பேச வந்தார். போரை வெறுப்பதாக அவர் பேசிய பேச்சு சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்டது.

ஏரியே ஒரு அதிசயம்

ஊருக்குப் பெயர் கொடுத்த ஷடாக்வா ஏரி சுமார் 27 கிலோ மீட்டர் நீளம். நடுவில் இடுப்பு ஒடுங்கியது போல இருக்கும். 'நடுவில் கட்டிய பை' என்பதுதான் அந்தப் பழங்குடிப் பெயருக்கு அர்த்தம் என்று ஊரில் சொல்வார்கள்.

இந்த ஏரியில் இருந்து பார்த்தால் கடல் போன்ற ஈரி ஏரி சில கிலோ மீட்டர் தூரத்திலேயே இருக்கிறது. ஆனால் இந்தத் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் அந்த ஏரிக்குப் போவதில்லை. தெற்கே திரும்பி, ஆறு ஆறாகக் கலந்து, ஒகையோ நதி, மிசிசிப்பி நதி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போய்ச் சேருகிறது. நடுவில் ஒரு மேடு இருப்பதுதான் இதற்குக் காரணம்.

'மஸ்கி' என்று சொல்லப்படும் பெரிய மீனுக்கு இந்த ஏரி பெயர் போனது. தூண்டில்காரர்கள் அதற்காகவே வருவார்கள். சமீப காலமாக வெயில் காலத்தில் ஏரியின் தென்பகுதியில் விஷப்பாசி படர்வது பெரிய தலைவலியாக இருக்கிறது. பாசி படர்ந்த நாட்களில் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று எச்சரிக்கை செய்கிறார்கள்.

உள்ளே என்னென்ன பார்க்கலாம்?

ஊரின் பரப்பளவு சுமார் 750 ஏக்கர். சீசன் நேரத்தில் கார்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. பெரும்பாலும் நடைதான். இல்லாவிட்டால் சைக்கிள். குழந்தைகள் பயமில்லாமல் தெருவில் ஓடுவதைப் பார்க்கலாம்.

ஆம்பிதியேட்டர்:- ஊரின் இதயம் இதுதான். சுவர் இல்லாத, கூரை மட்டும் போட்ட பெரிய அரங்கம். 4 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். 1893-ம் ஆண்டு கட்டிய பழைய அரங்கத்தை இடித்தபோது, 'பழமையை அழிக்காதே' என்று எதிர்ப்பு கிளம்பியது. அதையும் மீறி புதிய அரங்கம் கட்டப்பட்டு 2017-ம் ஆண்டு திறக்கப்பட்டது. 1907-ம் ஆண்டு வைத்த பழைய பைப் ஆர்கன் இசைக்கருவி இன்றும் அங்கே முழங்குகிறது. அதில் 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்கள் இருக்கின்றன.

அதீனியம் ஓட்டல்:- 1881-ம் ஆண்டு முழுக்க மரத்தால் கட்டியது. ஏரியைப் பார்த்தபடி நீளமான தாழ்வாரம். பல்பை உலகத்துக்குக் கொடுத்த தாமஸ் எடிசனுக்கும் இந்த ஊருக்கும் உறவு உண்டு. ஊரைத் தொடங்கிய லூயிஸ் மில்லரின் மகள் மினாவை 1886-ம் ஆண்டு எடிசன் திருமணம் செய்துகொண்டார். ஆக, எடிசனுக்கு இது மாமனார் ஊர்.

மில்லர் மணிக்கூண்டு:- 1911-ம் ஆண்டு ஏரிக்கரையில் கட்டியது. எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் இடம்.

பாலஸ்தீன பூங்கா:- பைபிளில் வரும் ஊர்கள், மலைகள், ஆறுகளைத் தரையிலேயே சின்ன அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். ஷடாக்வா ஏரியை மத்தியதரைக் கடலாக நினைத்துக்கொள்ள வேண்டும். 1874-ம் ஆண்டு ஆசிரியர்களுக்குப் பூகோளம் விளக்குவதற்காகச் செய்தது.

தத்துவ மண்டபம்:- மரங்களுக்கு நடுவே தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த மண்டபம். பல மதத்தைச் சேர்ந்தவர்களும் இங்கே வந்து பேசுகிறார்கள். வாசிப்பு வட்டத்தில் படித்து முடித்த அணிகளின் சின்னங்களைத் தரையில் பதித்திருக்கிறார்கள்.

சிம்பொனி இசைக்குழு, ஓபரா, நாடகக் கம்பெனி, நாட்டியப் பள்ளி, ஓவியப் பள்ளி எல்லாம் உண்டு. ஷடாக்வா சிம்பொனி 1929-ம் ஆண்டு தொடங்கியது. அதற்கு முன்பே, 1925-ம் ஆண்டு, இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் இங்கே ஒரு சின்னக் குடிலில் உட்கார்ந்து தன் புகழ்பெற்ற பியானோ கான்செர்ட்டோவை எழுதினார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய சூசன் பி.ஆந்தனியும் இந்த ஊரில் பேசியிருக்கிறார். 1989-ம் ஆண்டு அமெரிக்க அரசு இந்த ஊரை தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

அந்த ஒரு நாள்

இப்படி நிம்மதியாக இருந்த ஊரில்தான் அந்தச் சம்பவம் நடந்தது.

மும்பையில் பிறந்தவர் ருஷ்டி. அவர் எழுதிய ஒரு நாவலுக்காக 1989-ம் ஆண்டு ஈரான் மதத் தலைவர் கொமேனி அவரைக் கொல்லச் சொல்லி பத்வா பிறப்பித்தார். பல வருடம் போலீஸ் பாதுகாப்பில் மறைந்து வாழ்ந்தார். பிறகு நியூயார்க்கில் குடியேறி சகஜமாக நடமாட ஆரம்பித்தார்.

சொந்த நாட்டில் உயிருக்கு ஆபத்து உள்ள எழுத்தாளர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது பற்றிப் பேசத்தான் அன்று அவர் ஷடாக்வா வந்திருந்தார். காலை 11 மணிக்குச் சற்று முன்பு, பேச்சு தொடங்கும் நேரத்தில், 24 வயது வாலிபர் ஒருவர் மேடையில் பாய்ந்து ஏறி சரமாரியாகக் குத்தினார். அரங்க வாசலில் மெட்டல் டிடெக்டர் கிடையாது. பையைத் திறந்து பார்க்கும் வழக்கமும் இல்லை. பாஸ் இருந்தால் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

அப்போது நடந்ததுதான் அந்த ஊர் எப்படிப்பட்டது என்பதைக் காட்டியது. பார்வையாளர்கள் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடவில்லை. பலர் மேடைக்கு ஓடினார்கள். குத்தியவரை மடக்கிப் பிடித்தார்கள். கூட்டத்தில் இருந்த டாக்டர் உள்ளிட்டவர்கள் ருஷ்டியின் ரத்தம் போகாமல் காயத்தை அழுத்திப் பிடித்தார்கள். ஹெலிகாப்டரில் ஏற்றி பென்சில்வேனியா மாகாணம் ஈரி நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் பிழைத்தார். வலது கண் பார்வை போய்விட்டது. அவரைப் பேட்டி காண மேடையில் இருந்த ஹென்றி ரீசும் காயம் அடைந்தார்.

வழக்கு அதே மாவட்டத்தின் தலைநகரான மேவில் கோர்ட்டில் நடந்தது. ருஷ்டி நேரில் வந்து சாட்சி சொன்னார். 2025-ம் ஆண்டு பிப்ரவரியில் வாலிபர் குற்றவாளி என்று ஜூரிகள் தீர்ப்பு கூறினார்கள். மே மாதம் 25 வருட ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டது.

சம்பவத்துக்குப் பிறகு ருஷ்டி 'கத்தி' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். 2024-ம் ஆண்டு வெளிவந்தது. ஒரு வருடம் கழித்து மனைவியோடு மறுபடியும் ஷடாக்வா போய், தான் விழுந்த அதே மேடையில் நின்று பார்த்ததை அதில் எழுதியிருக்கிறார்.

கதவைச் சாத்துவதா, திறந்து வைப்பதா?

கத்திக்குத்து நடந்த கையோடு நிர்வாகம் கெடுபிடியைக் கூட்டியது. பாஸ் வாங்க போட்டோ அடையாள அட்டை கேட்டார்கள். அரங்கத்துக்குள் பை கொண்டுபோகத் தடை போட்டார்கள். 'இது முன்னாடியே செய்திருக்க வேண்டும்' என்று ஒரு தரப்பு. 'வீட்டுக் கதவைப் பூட்டாமல் தூங்கும் ஊரில் இப்படி ஆகிவிட்டதே' என்று இன்னொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

பேச்சாளரும் கேட்பவரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் இந்த ஊரின் பலமே. காலையில் மேடையில் பேசியவரை மதியம் தெருவில் நிறுத்தி, "நீங்க சொன்னது சரியில்லையே" என்று கேட்க முடியும். அந்த நெருக்கம் போய்விட்டால் டி.வி.யில் கேட்டுவிட்டுப் போகலாமே. ஆனால் உயிரைக் காப்பாற்றாமல் பேச்சை மட்டும் காப்பாற்றவும் முடியாது. பை இல்லாமல் கை வீசிக்கொண்டு வருவது பெரிய கஷ்டம் இல்லை என்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். சீசன் நிற்கவில்லை.

இன்னொரு வேலியும் இருக்கிறது. அது காசு. சீசனில் ஒரு பெரியவருக்கு ஒரு வார பாஸ் நூற்றுக்கணக்கான டாலர். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தனி. உள்ளே இருக்கும் மர வீடுகளின் விலையோ சாதாரண ஆள் நினைத்துப் பார்க்க முடியாதது. காலேஜ் வாசலை மிதிக்காத விவசாயிக்காகவும் கடைச் சிப்பந்திக்காகவும் தபாலில் பாடம் அனுப்பிய ஊரில், இன்று அந்த மாதிரி குடும்பம் ஒரு வாரம் தங்கினால் கையைக் கடிக்கும். மெட்டல் டிடெக்டரை விட இந்த வேலிதான் உயரம்.

போக நினைப்பவர்கள் கவனத்துக்கு...

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்ம ஊர் பெற்றோர்களில் நயாகரா பார்க்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. அங்கிருந்து ஷடாக்வா சுமார் 150 கிலோ மீட்டர்தான். காரில் 2 மணி நேரத்தில் போய்விடலாம். பக்கத்தில் உள்ள பெரிய விமான நிலையம் பபலோ.

* சீசன் ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்டு கடைசி வரை 9 வாரம். ஒவ்வொரு வாரமும் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு பேசுவார்கள். எந்த வாரம் என்ன தலைப்பு என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போவது நல்லது.

* முழு வாரம் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு நாள் பாசும் உண்டு.

* ஓட்டல் வாடகை கட்டுப்படியாகாதவர்கள், பல்வேறு கிறிஸ்தவ சபைகள் உள்ளே நடத்தும் விடுதிகளை விசாரிக்கலாம். வாடகை குறைவு. சீக்கிரமே நிரம்பிவிடும்.

* பை, அடையாள அட்டை பற்றிய விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

* பாசி எச்சரிக்கை இருந்தால் ஏரியில் குழந்தைகளை இறக்க வேண்டாம்.

* சீசன் முடிந்த பிறகு வாசலில் கட்டணம் கிடையாது. கச்சேரி, சொற்பொழிவு இருக்காது. ஆனால் மணிக்கூண்டு, மர வீடுகள், தத்துவ மண்டபம், ஏரிக்கரை எல்லாம் அப்படியே இருக்கும். குளிர்காலத்தில் உள்ளே வசிப்பவர்கள் சில நூறு பேர்தான். பனி கொட்டும் என்பதால் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் வசதி. இலைகள் சிவப்பும் மஞ்சளுமாக மாறும் நேரமும் அதுதான்.

வாசிப்பு வட்டத்தில் சேருவதற்கோ ஊருக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அன்று போலவே இன்றும் வீட்டில் இருந்தபடியே படிக்கலாம். படித்து முடித்தவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், ஆகஸ்டு மாத விழாவில் அந்தப் பொன் வாசல் வழியாக நடந்து போகலாம்.